பழகிய காமிராவும் புதிய காமிராவும்

(லேக் கார்டன்ஸில் கூடிய நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"சங்கத்துக் காமிராவை மாற்ற வேண்டுமா, வேண்டாவா?" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறீர்கள். நாம் பொறியியல் கற்றவரல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழிப்பவர். ஆயினும் அந்தக் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு விழாதோறும் அலையும் பொறுப்பு சில ஆண்டுகளாக நம்மிடம் இருந்து வருவதால், அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும் உரிமை நமக்கு உண்டு என்று கருதுகிறோம்.

இது அற்பச் செய்தி அன்று. காமிரா நிதிக்குப் பணம் அளித்தோரிற் பலர் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். ஒருமுறை செலவிட்டுவிட்டால் மறுமுறை அவர்களிடம் சென்று கைநீட்டுவது எளிதன்று. அதனினும் பெரிது ஒன்று உண்டு. நம் பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் எடுத்த படங்களே, நம்மை விட்டு மறைந்த சில பெரியோர்களின் கடைசிப் படங்களாக அவர்கள் இல்லங்களில் மாட்டப்பட்டிருக்கின்றன. ஊரைவிட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்து வாழும் நமக்கு அப்படங்களே வரலாறு. ஆகவே நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில் வேற்றுமை யாதென அறிவோம். நம்மிடம் இருப்பது நிக்கான் டி7200, டி.எஸ்.எல்.ஆர். என்னும் இனத்தைச் சேர்ந்தது. அதன் வயிற்றுக்குள் 45 பாகை சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கிறது. லென்ஸின் வழியே வரும் ஒளியை அக்கண்ணாடி மேலே திருப்பிவிட, நாம் உள்ளபடியே காட்சியைக் காண்கிறோம். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழுந்து வழிவிடுகிறது, ஒளி சென்சாரில் விழுகிறது, படம் பதிகிறது. நாம் கேட்கும் "தடக்" என்னும் ஓசையிற் பெரும்பங்கு அக்கண்ணாடியுடையதே. மிர்ரர்லெஸ் என்று இளைஞர்கள் கூறும் புதிய காமிராவில் அக்கண்ணாடி இல்லை. ஒளி நேரே சென்சாரில் விழுகிறது. அது காண்பதையே ஒரு சிறு மின்திரையில் நாமும் காண்கிறோம். இவ்வளவே வேற்றுமை.

கண்ணாடி இல்லாமை புதுமை என்று எண்ண வேண்டா. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து இரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படம்பிடித்தாரே பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸான், அவருடைய பெயரோடு இணைத்துப் பேசப்படும் லைக்காவிலும் கண்ணாடி கிடையாது. 1959-இல் நிக்கான் எஃப் வெளிவந்த பின்னரே பத்திரிகைப் படக்காரர்கள் பெருந்தொகையாகக் கண்ணாடிக் காமிராவுக்கு மாறலாயினர். இன்று காற்று மீண்டும் திசை மாறி வீசுகிறது. பானாசோனிக் ஜி1 2008-இல் வந்தது. சோனி ஏ7 2013-இல் வந்தது. நிக்கானும் கானனும் 2018-இல் அவ்வழியில் முழுமூச்சாக இறங்கின. 2020-இல் கண்ணாடியில்லாக் காமிராக்களின் ஏற்றுமதி எண்ணிக்கை டி.எஸ்.எல்.ஆரை முதன்முறையாக முந்தியது. அவ்வாண்டு வெளியிட்ட 1டி எக்ஸ் மார்க் 3 தான் அவ்வினத்தில் தங்கள் கடைசித் தலைமைக் காமிரா என்று கானன் தலைவர் 2021 இறுதியில் அறிவித்தும்விட்டார். பென்டாக்ஸ் நிறுவனத்தார் மட்டும் கண்ணாடியைக் கைவிடாமல் நிற்கின்றனர்.

இச்செய்திகளைக் கேட்ட நம் இளைஞர்கள், "செய்பவனே கைவிட்ட பிறகு நாம் ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும்?" என்கின்றனர். இக்கேள்விக்கு நம் தொழிலிலிருந்தே விடை கூற விரும்புகிறோம். இந்த மாநிலத்துச் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950-இல் நீராவி எஞ்சின் கட்டத் தொடங்கி, 1972-இல் அதை நிறுத்திவிட்டது. நிறுத்திய மறுநாளே எஞ்சின்கள் ஓய்ந்தனவா? இல்லை. அகலப் பாதையில் 1995 வரை அவை வண்டி இழுத்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலையேறும் நீலகிரி வண்டியை இன்றும் நீராவி எஞ்சின் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். செய்வதை நிறுத்திய நாள் வேறு. பயன் முடியும் நாள் வேறு. கரியும் நீரும் பழுதுபார்க்கும் ஆளும் உள்ளவரை எஞ்சின் ஓடும். பாட்டரியும் லென்ஸும் பழுதுபார்க்கும் கடையும் உள்ளவரை காமிராவும் ஓடும். இவை கிடைக்காமற் போகும் காலம் வரும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்நாளைக் குறிப்பது விளம்பரமன்று.

இனி, நம் கல்கத்தா நகரத்துச் சான்றோர் ஒருவரைக் காண்போம். சத்யஜித் ராயின் படப்பிடிப்புகளை 1969-இல் வெளிவந்த "கூப்பி கைன் பாகா பைன்" தொடங்கி 1991-இல் வந்த "ஆகந்துக்" வரை நிழற்படமாக்கியவர் நிமாய் கோஷ். ("பாதை தெரியுது பார்" என்னும் தமிழ்ப்படத்தை 1960-இல் இயக்கிய நிமாய் கோஷ் வேறொருவர்.) இவர் தொடக்கத்தில் கையிலெடுத்தது கானோநெட் என்னும் சிறு காமிரா, அதில் கண்ணாடியும் இல்லை, லென்ஸைக் கழற்றி மாற்றவும் இயலாது. பின்னர் டிஜிட்டல் காலம் வந்தபோது உலகமே மாறிற்று. அவர் பிலிமை விடவில்லை. 2010-இல் பத்மஸ்ரீ பெற்றார்; 2020-இல் மறைந்தார். எளிய கருவியே பெரிய பணிக்குப் போதும் என்பதற்கு அவர் சாட்சி.

ஆனால் இதே நகரத்தில் மறுபக்கமும் உண்டு. 1860-களில் பிறந்து, உலகின் மிகப் பழைய நிழற்பட நிலையங்களுள் ஒன்றெனப் பெயர்பெற்ற பூர்ன் அண்டு ஷெப்பர்டு 2016 ஜூன் மாதத்தில் கதவை மூடியது. பழமை ஒன்றே எதையும் காப்பாற்றிவிடாது. ஆகவே பழையதைப் போற்றுவதும் புதியதைத் துரத்துவதும் நமக்கு வேண்டுவதில்லை. நம் வேலைக்கு எது ஏற்றது என்று பார்ப்பதே வேண்டுவது.

புதியதன் சிறப்புகளை மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். ஒன்று, ஓசையின்மை. கச்சேரியில் பாடகர் ஆலாபனையில் மூழ்கியிருக்கும்போது நம் காமிராவின் "தடக்" முன்வரிசையினர் முகத்தைச் சுளிக்க வைக்கிறது. அதை அடக்கும் ஏற்பாடு நம் காமிராவில் இருப்பினும் ஓசை அறவே ஒழிவதில்லை. இரண்டு, புதிய காமிரா முகத்தையும் கண்ணையும் தானே தேடிப் பிடிக்கும். ஓடியாடும் குழந்தைகளைப் படமெடுக்க இது பெருந்துணை. மூன்று, எடை. நம் காமிரா பாட்டரியோடு 765 கிராம். அதே அளவு சென்சார் உடைய நிக்கான் இசட்50 450 கிராமே. நான்கு, வீடியோ எடுக்கும்போது நம் காமிராவில் கண்ணாடி மேலே நிற்பதால் கண்வைக்கும் துளை இருண்டுவிடும். புதியதில் அக்குறை இல்லை.

ஆனால் ஓசையில்லாப் படத்திற்கும் ஒரு விலை உண்டு. பல காமிராக்களில் அம்முறையில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிகிறது. மிருதங்கக்காரரின் விரலும் நாட்டியமாடும் பெண்ணின் காலும் வளைந்து தோன்றுவது உண்டு, எல்.இ.டி. விளக்கொளியில் குறுக்கே பட்டைகளும் விழக்கூடும்.

நம்மிடம் இருப்பதன் வலிமை யாது? ஒரு பாட்டரியில் 1,110 படங்கள் எடுக்கலாம் என்பது நிறுவனக் கணக்கு. இசட்50-க்கு அது ஏறத்தாழ 300 தான். காலை கோலப் போட்டி முதல் இரவு நாடகம் வரை நீளும் விழாவில் இவ்வேறுபாடு சிறிதன்று. நம் காமிராவின் ஷட்டர் 1,50,000 முறை சோதிக்கப்பட்டது. அது உத்தரவாதம் அன்று. எனினும் ஆண்டுக்கு 6,000 படம் எடுத்தாலும் அவ்வெண்ணிக்கையை எட்ட 25 ஆண்டு ஆகும். இனி, லென்ஸ். நம்மிடம் உள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் பழைய டி வகை. அதைத் திருப்பிக் குவியப்படுத்தும் மோட்டார் காமிராவுக்குள்ளேதான் இருக்கிறது. நிக்கானின் எஃப்.டி.இசட். இணைப்பு வளையத்தில் அம்மோட்டார் இல்லாமையால், அதன்வழி புதிய காமிராவில் மாட்டினால் இந்த லென்ஸ் தானே குவியாது; கையால் திருகவேண்டும். ஆகக் காமிராவை மாற்றுவது என்பது நாளடைவில் லென்ஸையும் மாற்றுவதே. விலைப்பட்டியலின் முதல் வரியை மட்டும் பார்த்து முடிவு செய்தல் ஆகாது.

இவையெல்லாவற்றையும்விட நமக்குப் பெரும் பகை ஒன்று உண்டு. அது இந்நகரத்துக் காற்று. இரவீந்திர சரோவர் ஏரியின் அருகில் வாழும் நமக்கு ஆடி ஆவணி மாத ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்குள் மூடி வைத்த லென்ஸில் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்கிறது. பழைய லென்ஸ், புதிய லென்ஸ் என்று அது வேற்றுமை பாராட்டுவதில்லை. கண்ணாடி இல்லாத காமிராவை வாங்கி அதே தகரப் பீரோவில் வைத்தால் அதையும் தின்றுவிடும்.

ஆகவே நாம் பணிவுடன் முன்வைக்கும் யோசனைகள் இவை. நிதியிலிருந்து முதற்கண் ஈரம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கும் உலர்பெட்டி ஒன்று வாங்குவோம். அடுத்து, நல்ல பாட்டரி ஒன்று வாங்குவோம். மூன்றாவதாக, சங்கத்துப் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து, ஒரே இடத்தில் வையாமல் இரண்டு இடங்களில் பிரதி வைப்போம். மங்கிக்கொண்டிருக்கும் அப்படங்கள் புதிய காமிராவுக்காகக் காத்திரா. எஞ்சிய தொகை வங்கியில் இருக்கட்டும். கச்சேரி நாளில் மட்டும் ஓசையில்லாக் காமிரா ஒன்றை வாடகைக்கு எடுப்போம். நம் இளைஞர்கள் அதைக் கையாண்டு பழகுவர். இனி நம் காமிராவுக்கெனப் புதிய லென்ஸ் வாங்குதல் வேண்டா. பழுதுபார்க்கும் செலவு, நல்ல நிலையில் உள்ள கைமாறிய காமிரா ஒன்றின் விலையிற் பாதியைத் தாண்டும் நாளில், தயங்காமல் மிர்ரர்லெஸ்ஸுக்கு மாறுவோம். அன்று "பழகியது" என்று அதைப் பிடித்துக்கொண்டிருப்பதும் நிதியை வீணாக்குவதே.

இதனால் இளைஞர்களின் ஆர்வத்திற்கு அணை போடுகிறோம் என்று எண்ணற்க. ஏரிக்கரையில் விடியற்காலையில் பறவைகளைப் படமெடுக்கும் பிள்ளைகள் சிலர் நம்மிடையே உண்டு. தம் சொந்தச் சம்பாத்தியத்தில் புதியதை வாங்கும் அவர்களை மனமார வாழ்த்துகிறோம். பறக்கும் மீன்கொத்தியைப் பிடிக்க அதுவே ஏற்றது. ஆனால் சங்கத்தின் காமிரா பிடிக்கவேண்டியது மீன்கொத்தியை அன்று; மேடையில் முதன்முறை திருக்குறள் ஒப்புவிக்கும் குழந்தையை; பரிசு பெறும் பெண்ணை; பந்தியில் இலை போடும் பெரியவரை. அதற்கு இந்தக் காமிரா இன்னும் சில ஆண்டுகள் போதும் என்பதே நம் துணிபு. முடிவு செய்யும் உரிமை உங்களுடையது.