சிறு வணிகமும் எழுத்துக் கணக்கும்

 



திருக்குர்ஆனில் ஆக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால், நம்மில் பலர் தொழுகையைப் பற்றியது என்போம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே அது. கடனை எழுதி வைப்பதைப் பற்றியே அது பேசுகிறது. தவணை குறித்த கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பலாகாது என்பது அதன் கருத்து. கைக்குக் கை நடக்கும் ரொக்க வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் அவ்வசனமே சலுகை தருகிறது. ஆனால் நாமோ கடனையும் எழுதுவதில்லை.

அரசாங்கக் கணக்கில், 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் வரை விற்பனை உள்ளதும் குறுந்தொழில்தான். நான் பேசுவது அதைப் பற்றியன்று. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துத் தெருக்களில் கணவனும் மனைவியும் மட்டுமே உழைக்கும் மளிகைக் கடை, தேநீர்க் கடை, ஒற்றைத் தையல் இயந்திரம், வீட்டிலிருந்தே விற்கும் இடியாப்பம் ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறேன். காலை முதல் இரவு வரை உழைத்தும் ஏன் மிஞ்சவில்லை என்று அவர்கள் கேட்கிறார்கள்.

நமது வீராணம் ஏரியைப் பாருங்கள். கீழணையிலிருந்து வடவாற்று வழியே நீர் வருகிறது. பாசனத்துக்கும் சென்னைக்கும் போகிறது. முழு மட்டம் 47.50 அடி. இன்று எத்தனை அடி என்று அன்றாடம் அளக்கிறார்கள். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று அறியாமல் மதகைத் திறக்க முடியுமா? ஆனால் நம் கல்லாவில் மட்டும் அளவுகோல் இல்லை. பிள்ளைக்குப் பேனா, வீட்டுக்கு எண்ணெய், சம்பந்தி வீட்டு விருந்து எல்லாம் அதிலிருந்தே போகின்றன. மாலையில் மிஞ்சியதே லாபம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

சம்பா அறுவடை முடிந்து தருகிறேன், வெளிநாட்டுப் பணம் வந்ததும் தருகிறேன் என்று சொல்லிக் கடன் வாங்குவது நம் பகுதியின் வழக்கம். இதைக் குறை சொல்வதற்கில்லை. இல்லாதவருக்கு அவகாசம் தருவது நன்மை. ஆனால் 100 ரூபாய் விற்பனைக்கு 10 ரூபாய் கிடைக்கும் கடையில், 1,000 ரூபாய் அடக்கமுள்ள சரக்கு மறதியில் போனால், அதை ஈடுகட்ட 10,000 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். எத்தனை நாள் நின்றுகொண்டே உழைப்பது அது!

பிறகு என்ன நடக்கிறது? கொள்முதலுக்குப் பணமில்லை. தண்டல்காரரிடம் போகிறார். 10,000 ரூபாய் என்று பேர். முன்கூட்டியே பிடித்தம் போகக் குறைவான தொகைதான் கைக்கு வருகிறது. நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஊரில் தமக்கு வரவேண்டிய பாக்கி அதைவிட அதிகம் என்பது அவருக்கே தெரியாது. எழுதாத சோம்பல் ஒருவரை ரிபாவின் வாசலில் கொண்டு நிறுத்துகிறது.

உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஆடு வாங்கிவரச் சொன்னார்கள். அவர் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நாயகம் (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. முதல் கூடவில்லை, முதல் சுழன்றது. அலமாரியில் ஆண்டுக்கணக்கில் தூசி படியும் சரக்கு உறங்கும் முதலாகும். 10,000 ரூபாய்ச் சரக்கு மாதம் ஒருமுறை விற்றுத் தீர்ந்து 1,000 தந்தால், பத்து நாளுக்கு ஒருமுறை தீரும்போது 3,000 தரும். எது ஓடுகிறது, எது உறங்குகிறது என்பதைச் சிட்டையே சொல்லும்.

ஸக்ர் அல்காமிதீ (ரலி) அவர்கள் தம் சரக்கை அதிகாலையிலேயே அனுப்பிச் செல்வந்தரானதை அபூதாவூத், திர்மிதீ நூல்களில் காண்கிறோம். ஃபஜ்ருக்குப் பின் மீண்டும் படுத்து ஒன்பது மணிக்குக் கடை திறப்போர் இதைக் கவனிக்க!

ஜனாஸா தொழுகைக்கு முன், “மய்யித்துடன் கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளை அணுகுங்கள்” என்று அறிவிக்கிறோம். வரவேண்டியவர் வருகிறார், தரவேண்டியவரோ பல வேளைகளில் தலை குனிந்து நிற்கிறார். எழுத்து இல்லை, விதவையால் கேட்க முடியவில்லை. அது யத்தீம்களின் பொருள்!

ஆகவே இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு. கடன் வாங்கியவரின் பெயர், தொகை, தவணை ஆகியவற்றை அவர் முன்னிலையிலேயே எழுதுங்கள். வீட்டுக்கு எடுப்பதையும் கடன்போலவே குறித்துக்கொள்ளுங்கள். வணிகவியல் படிக்கும் மகள் வீட்டில் இருந்தால் இஷாவுக்குப் பின் கால்மணி நேரம் அவளிடம் கொடுங்கள். ஆண்டு நிறைவில் சரக்கை மதிப்பிட்டு ஸகாத் கடமையா என்று பார்க்கவும் அதுவே உதவும். ஏழையின் பாக்கியை விட்டுக்கொடுக்க விரும்பினாலும், எவ்வளவு என்று தெரிந்தல்லவா விட வேண்டும்!

மறைந்தவர்களின் கடையில் எழுதாமல் வாங்கிய பாக்கியை நினைவில் வைத்திருப்போர், அடுத்த ஜும்ஆவுக்குள் அந்தப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்க்க வல்ல அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.