முதுசமாக ஒரு நகர்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நகரம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன உயர்ந்த மாடிகளும் அகன்ற வீதிகளும் மின்விளக்குகளுமே. ஒரு நகர் சிறந்ததா என்று அறிய நாம் அதன் கடைத்தெருவைப் பார்க்கிறோம். அத்தெருவை விடியற்காலையில் கூட்டித் துப்புரவு செய்யும் தொழிலாளி இரவில் எங்கே உறங்குகிறான், அவன் பிள்ளை எந்த நீரைக் குடிக்கிறது, எங்கே விளையாடுகிறது என்று நாம் கேட்பதில்லை. இவற்றை அறியாமல் ஒரு நகரை நன்னகர் என்று கூறுதல், விறாந்தையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டை மெச்சுவது போலாகும்.

நகர அமைப்பு என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். அதனைப் பொதுப்பட விரித்துரைப்பதிலும் உண்மையான ஒரு நகரின் கதையாகச் சொல்லுதல் பயன் தருமென எண்ணுகிறோம். ஒஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னாவே அந்நகர். சங்கீதத்துக்கும் அரண்மனைகளுக்கும் பெயர்போனது அது. ஆனால் நாம் சொல்லப்போவது அவற்றைப் பற்றியன்று. முதுசம், தேடியதேட்டம் என்னும் சொற்களை நம்மவர் நன்கறிவர். ஒரு தலைமுறை தேடிய தேட்டம் அடுத்த தலைமுறைக்கு முதுசமாகிறது. வியன்னா மக்கள் தம் பேரப்பிள்ளைகளுக்கு நீரையும் காட்டையும் வீட்டையும் எங்ஙனம் முதுசமாக்கினர் என்பதையும், அம்முதுசத்தின் உரிமையாளர் யார் என்ற கேள்வியில் அந்நகர் எங்ஙனம் ஒருமுறை பெரும்பிழை செய்தது என்பதையுமே கூற விரும்புகிறோம்.

முதலில் நீர். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியன்னா மக்களிற் பலர் கிணற்று நீரையே குடித்தனர். நெருக்கமான வீடுகளின் கழிவுநீர் அக்கிணறுகளில் ஊறியது. வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் பல உயிர்களைக் கொண்டுபோயின. அக்காலத்தில் நகரசபை உறுப்பினராயிருந்த எடுவார்ட் சூஸ் என்பவர் நிலவியற் பேராசிரியர். அருகிலுள்ள நீரை வடித்துக் குடிப்பதை விட்டு, தொலைவிலுள்ள மலையூற்றுகளின் நீரையே நகருக்குக் கொண்டுவரல் வேண்டும் என அவர் வாதாடினார். செலவை நினைத்துத் தயங்கியோர் பலர். ஆயினும் 1873 இல் முதலாவது நீர்வழி திறக்கப்பட்டது. 1910 இல் ஏறத்தாழ 180 கிலோமீற்றர் நீளமான இரண்டாவது வழியும் திறக்கப்பட்டது. அந்நீர் நிலத்தின் சரிவைக் கொண்டே ஒன்றரை நாளளவு ஓடி நகரை அடைகிறது. அதனை நகருக்குக் கொண்டுவர இறைக்கும் பொறி வேண்டியதில்லை. ஊற்றுகளைச் சூழ்ந்த காடுகளையும் நகரமே சொந்தமாக வைத்துக் காத்துவருகிறது. காடு கெட்டால் ஊற்றுக் கெடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 2001 இல் இந்நீரைக் காக்கும் கடமையை நகரின் அரசியற் சட்டத்திலேயே எழுதி வைத்தனர். செல்வர் வீட்டுக் குழாயிலும் கூலியாள் வீட்டுக் குழாயிலும் இன்று வருவது அதே மலைநீர்தான்.

இரண்டாவது காடு. வியன்னாவின் மேற்கே பரந்த காடு ஒன்று உண்டு. 1866 ஆம் ஆண்டுப் போரில் தோற்றுக் கடன்பட்ட அரசு அக்காட்டின் பெரும்பகுதியை விற்கத் துணிந்தது. யோசெப் ஷோபெல் என்னும் எழுத்தாளர் 1870 முதல் பத்திரிகையில் இடைவிடாது எழுதி அதனை எதிர்த்தார். அவர்மேல் வழக்குகள் தொடரப்பட்டன, அவர் அசையவில்லை. 1872 இல் அரசு அந்த எண்ணத்தைக் கைவிட்டது. பின்னர் 1905 இல் நகரசபை, நகரைச் சுற்றிக் காடும் புல்வெளியுமான ஒரு வளையத்தை என்றும் கட்டிடம் எழாமற் காப்பதெனத் தீர்மானித்தது. அன்று நகர் வளர்ந்துகொண்டிருந்தது. காணி விலை ஏறிக்கொண்டிருந்தது. விற்றால் வரும் பணத்தை விட, விற்காமல் வைத்தால் வரும் நன்மை பெரிதென உணர்ந்தோர் சபையில் இருந்தனர் என்பது நாம் கருதத்தக்கது.

மூன்றாவது வீடு. நீரும் காடும் இருந்தும் ஏழைக்கு வீடு இல்லாதிருந்தது. முதல் உலகப்போருக்கு முன் 20 இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில், ஒரே நடைபாதையிலுள்ள பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு நீர்க்குழாயும் ஒரு மலசலகூடமுமே இருந்தன. வீடு எடுக்க வழியற்றோர் பிறர் வீட்டில் ஒரு கட்டிலை மட்டும் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து உறங்கினர். சயரோகத்துக்கு வியன்னா நோய் என்றே பெயர் வழங்கியது.

1919 இல் ஆண் பெண் இருபாலாரும் வாக்களித்துத் தெரிந்த புதிய நகரசபை இந்நிலையை மாற்ற முனைந்தது. நிதிப் பொறுப்பை ஏற்ற ஹியூகோ பிரைட்னர் 1923 இல் வீட்டு வரியொன்றை ஏற்படுத்தினார். சிறு வீட்டுக்குச் சிறிதும் பெருமாளிகைக்குப் பெரிதுமாக அவ்வரி ஏறிச் சென்றது. இருநூறில் ஒரு பங்கேயான மாளிகைகள் மொத்த வரியில் நூற்றுக்கு 40 வீதத்துக்கு மேல் செலுத்தின. மோட்டார் வண்டி, பந்தயக் குதிரை, பணியாட்கள் ஆகியவற்றுக்கும் வரி விதிக்கப்பட்டது. செல்வர் முறையிட்டனர். போர்க்காலச் சட்டத்தினால் வாடகையை உயர்த்த முடியாதிருந்த வீட்டுச் சொந்தக்காரரும் முறையிட்டனர்; அவர்களிடத்தும் நியாயம் சிறிதுமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அப்பணம் எங்கே சென்றது என்பதை எல்லோரும் கண்ணாற் கண்டனர். 1934 ஆம் ஆண்டுக்குள் 60,000 இற்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

அவ்வீடுகள் சிறியன, ஆனால் இழிந்தனவல்ல. ஒவ்வொன்றிலும் நீர்க்குழாயும் மலசலகூடமும் உள்ளேயே இருந்தன. 1930 இல் திறந்த கார்ள் மார்க்ஸ் தொடர்மாடி ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. ஏறத்தாழ 1,400 வீடுகள் கொண்ட அதன் காணியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நிலத்திலேயே கட்டிடம் நின்றது. மிகுதி மரஞ்செறிந்த முற்றமாக விடப்பட்டது. சலவைக்கூடம், குளிப்பறை, பாலர் பாடசாலை, நூல்நிலையம், பல் வைத்தியம் யாவும் அங்கேயே இருந்தன. வாடகை தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 4 வீதமளவே. ஏழைக்குத் தானே, இது போதும் என்று அவர்கள் கட்டவில்லை. இதனை இளைஞர்கள் சிறப்பாக மனங்கொள்ளல் வேண்டும். எஞ்சியதைக் கொடுப்பது பிச்சை. ஏற்றதைக் கொடுப்பதே நீதி.

நிற்க. இத்துணைச் சிறந்த திட்டமும் கெட்ட கதையை இனிக் கூறல் வேண்டும்.

1934 பெப்ரவரியில் உள்நாட்டுக் கலகம் மூண்டபோது, அரசாங்கப் படை அத்தொடர்மாடிகள்மேல் பீரங்கி கொண்டு சுட்டது. நகரசபை கலைக்கப்பட்டது. 1938 இல் ஹிட்லரின் ஆட்சி வந்தது. நகரின் வீடுகளிற் குடியிருந்த யூத மக்கள், யூதர் என்ற ஒரே காரணத்தால், வெளியேற்றப்பட்டனர். வரி கொடுத்தோர் அவர்கள். அயலவராய் வாழ்ந்தோர் அவர்கள். அவர்தம் பிள்ளைகள் அதே முற்றத்தில் விளையாடியோர். ஒருநாள் முதுசப் பட்டியலிலிருந்து அவர்கள் பெயர் வெட்டப்பட்டது. சுவர் இடியவில்லை, குழாயில் நீர் நிற்கவில்லை, மரம் பட்டுப்போகவில்லை. ஆயினும் அந்நகர் அன்று அழிந்ததென்றே நாம் சொல்லுவோம். எல்லார்க்கும் என்ற சொல்லில் யார் யார் அடங்குவர் என்பதை ஒரு கூட்டத்தார் தம் விருப்பப்படி குறுக்கிவிடுவராயின், எத்துணை நுட்பமான திட்டமும் அநீதிக்குக் கருவியாகிவிடும். இதனை விளங்கிக்கொள்ள நமக்கு நெடிய விளக்கம் வேண்டியதில்லை.

போருக்குப்பின் அந்நகர் விட்ட இழையை மீண்டும் எடுத்தது. 1954 இல் டான்யூப் நதி பெருகிப் பெருஞ்சேதம் விளைத்தது. அதன்பின் 1972 முதல் 1988 வரை நதிக்குப் பக்கத்தே புதிய வாய்க்கால் ஒன்றை வெட்டினர். வெட்டிய மண்ணால் 21 கிலோமீற்றர் நீளமான தீவொன்று எழுந்தது. அதனை விற்றிருந்தால் பணம் குவிந்திருக்கும். அவர்களோ அதனைக் கட்டணமின்றி யாவரும் நீராடவும் இளைப்பாறவும் திறந்துவிட்டனர். வெள்ளத்தைத் தடுத்த செயலே ஏழையின் விடுமுறைக்கும் இடமாயிற்று.

1990 ஆம் ஆண்டுகளில் மற்றொன்றைக் கவனித்தனர். ஒன்பது பத்து வயதுக்குப்பின் பெண்பிள்ளைகள் பூங்காக்களுக்கு வருவது குறைந்தது. இடத்தை முழுதும் பந்தாடும் பையன்களே பிடித்துக்கொண்டமை காரணமெனக் கண்டனர். வெளியைப் பகுதிகளாகப் பிரித்து, கரப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கி, நடைபாதைகளைத் திருத்தினர். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தனர். நீதி என்பது சட்டசபையில் மட்டுமன்று, விளையாட்டு முற்றத்திலும் அளக்கப்படுவது.

பழைய விமானத்தளம் ஒன்றில் ஆஸ்பர்ன் என்னும் புதிய குடியிருப்பை அமைக்கத் தொடங்கியபோது, முதலாவது குடிகள் வந்தது 2014 இல். நிலக்கீழ் இரயில் அங்கு போய்ச் சேர்ந்ததோ 2013 இல். மக்கள் முந்தி வழி பிந்தி என்னும் வழக்கத்தை அவர்கள் மாற்றினர். 2012 இல் நகரின் பஸ், ட்ராம், இரயில் யாவற்றிலும் செல்லத்தக்க ஆண்டுச் சீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு யூரோ என்ற கணக்கில் 365 யூரோ விதித்தனர்; செலவு ஏற அக்கட்டணமும் பின்னர் ஏறியதாயினும், வண்டியில்லாதவனும் நகரெங்கும் போய்வர அது வழிசெய்தது.

குறைகளும் உண்டு. 2004 இற்குப் பின் நகரசபை தானே வீடு கட்டுவதை நிறுத்திற்று, சனத்தொகையோ வளர்ந்தது, தனியார் வீட்டு வாடகை ஏறியது. 2015 இல் தவறுணர்ந்து மீண்டும் தீர்மானித்தும், முதலாவது புதிய தொடர்மாடி முடிந்தது 2019 இலேயே. நகரவீடு பெற விரும்புவோர் இரண்டாண்டு அங்கே குடியிருந்திருத்தல் வேண்டும். ஆதலின் புதிதாக வந்த ஏழை, உதவி மிக வேண்டியிருக்கும் காலத்திலே, வெளியே நிற்கிறான். முதுசத்தின் பங்காளர் யார் என்ற பழைய கேள்வி இன்றும் தீரவில்லை. எனினும் நகர மக்களிற் சரிபாதியளவினர் இன்று நகரசபையின் வீடுகளிலோ பொது உதவியுடன் கட்டிய வீடுகளிலோ வாழ்கின்றனர். ஆசிரியரும் கூலியாளரும் ஒரே படிக்கட்டில் ஏறுகின்றனர்.

இளைஞர்களே, இக்கதையால் நாம் அறிவது யாது? 1873 இல் நீர் கொண்டுவந்தோர் இன்று இல்லை. 1905 இல் காட்டுக்கு வேலியிட்டோரும் இல்லை. தாம் காணாத முகங்களுக்காக அவர்கள் உழைத்தனர். நாளை உங்களிற் சிலர் சபைகளில் அமர்வீர்கள், சிலர் பொறியியலாளராவீர்கள், எல்லோரும் வாக்களிப்பீர்கள். யாரேனும் ஒரு திட்டத்தை உங்கள்முன் விரித்துவைக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எத்தனை ஆண்டுக்கு? இதன் செலவை யார் சுமக்கிறார்? எல்லார்க்கும் என்று எழுதியுள்ளீர்களே, அதில் விடுபட்டவர் யார்?

மூன்றாவது கேள்வியைக் கேட்பது எளிதன்று. விடுபட்டவர் அக்கூட்டத்தில் இருக்கமாட்டார். அவருக்காகவும் எழுந்து கேட்பவரே நல்ல நகரத்தார். அத்தகையோராய் நாம் வாழ்வோமாக.