எங்கட ஊவே

(எமது சங்கத்தின் விளையாட்டுப் பரிசளிப்பு நாளன்று ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)



என்னைப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உதைபந்தாட்டம் எண்டு வந்தால் எனக்குப் பத்து நிமிடம் காணாது என்பது செயலாளருக்குத் தெரியும். அதனால்தான் மணியைத் தன் கையிலேயே வைத்திருக்கிறார்.

ஊவே சேலர் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கையைத் தூக்குங்கோ பார்ப்பம். இரண்டு பேர். இரண்டு பேரும் அப்பாமார். பிள்ளையள் ஒருத்தரும் இல்லை. பரவாயில்லை. முசியாலாவையும் விர்ட்ஸையும் தெரிஞ்ச பிள்ளைகளுக்கு, 1972 இல் விளையாட்டை விட்ட ஒருவரைத் தெரியாதது குற்றமில்லை. எனக்கே அவரைச் சொல்லித் தந்தது, நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கோப்பை கழுவின உணவகத்தில் இருந்த ஒரு கிழட்டுச் சமையற்காரர்தான். அவர் ஹம்பேர்க் ஆள். 'உன்ஸ் ஊவே' என்றுதான் சொல்லுவார். நான் வகுப்பிலே படிச்ச டொச்சின்படி 'உன்சர்' எண்டல்லோ வரவேணும் என்று கேட்டேன். மனிசன் சிரிச்சுப்போட்டு, அது புத்தகப் பாசை, இது எங்கட பாசை எண்டார். எனக்கு உடனே விளங்கி விட்டது. நாங்கள் 'எங்களுடைய' என்று எழுதிவிட்டு 'எங்கட' என்று கதைக்கிறது போல. வட யேர்மனிச் சனம் அந்த மனிதரை 'எங்கட ஊவே' என்றுதான் கடைசி வரை அழைத்தது.

அவர் பிறந்தது 1936 நவம்பர் 5ம் திகதி, ஹம்பேர்க்கில். தகப்பன் எர்வின், துறைமுகத் தொழிலாளி. 1943 யூலையில் ஹம்பேர்க் மீது விமானங்கள் குண்டு பொழிந்து, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட சனம் செத்தபோது ஊவேக்கு வயது ஆறு. 1946 இல், நகரம் கல்லும் மண்ணுமாய்க் கிடந்த நேரத்தில், ஒன்பது வயதில் ஹம்பேர்க் விளையாட்டுக் கழகத்தில், அதாவது ஹா-எஸ்-பௌ என்று நாங்கள் சொல்லுகிற கழகத்தில் சேர்ந்தார். வேறு கழகத்துக்கு அவர் போனதே இல்லை. ஆள் கட்டை. உயரம் ஒரு மீற்றர் எழுபதுக்குள்தான். கொஞ்சம் தடித்த உடம்பு. ஆனால் எழும்பித் தலையால் அடித்தால், தன்னிலும் ஒரு முழம் உயர்ந்த ஆட்களுக்கு மேலால் போய் அடிப்பார். பதினேழு வயதில், 1954 ஒக்டோபரில், தேசிய அணியில் இறங்கினார். அந்த ஆண்டு யூலையில்தான் யேர்மனி முதன்முதலாக உலகக் கிண்ணத்தை வென்றிருந்தது.

1960 இல் ஹா-எஸ்-பௌ யேர்மனியின் சம்பியனானது. பிராங்க்பேர்ட்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் கேள்ன் அணியை 3-2 என்று வென்றார்கள். அதில் இரண்டு கோல் ஊவேயுடையது. அடுத்த பருவத்தில் ஐரோப்பியக் கிண்ணத்தில் அரையிறுதிக்குப் போய், ஹம்பேர்க்கில் பார்சலோனாவுக்கு எதிராக 2-0 என்று முன்னுக்கு நின்றார்கள். இன்னும் ஒரு நிமிடம் தாக்குப் பிடித்திருந்தால் இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் ஹங்கேரிக்காரர் கொச்சிஸ் தலையால் ஒன்றைப் போட்டார். மூன்றாவது ஆட்டம் பிரசெல்சில். அதில் 1-0 என்று தோல்வி.

அந்த 1961 இல்தான் நான் சொல்ல வந்த சங்கதி நடக்கிறது. இத்தாலியில் இருந்து இன்ரர் மிலான் கழகத்தின் பயிற்றுநர் ஹெலேனியோ ஹெரேரா, ஊவேயை வாங்க நேரே ஹம்பேர்க்குக்கு வந்து ஹொட்டேலில் தங்கினார். நாட்கணக்கில் பேச்சுவார்த்தை. பத்து இலட்சம் மார்க்குக்கு மேல் தருவதாகச் சொன்னதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. மார்க் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியாது, அப்பாமாரைக் கேளுங்கோ. அந்தக் காலத்தில் யேர்மனியில் ஒரு தொழிலாளியின் ஆண்டுச் சம்பளம் ஆறாயிரம், ஏழாயிரம் மார்க். இன்னொன்றும் சொல்ல வேணும். 1963 இல் புண்டஸ்லீகா தொடங்கும் வரை இந்த நாட்டில் முழுநேரத் தொழில்முறை ஆட்டமே கிடையாது. கழகம் கொடுக்கக் கூடிய சம்பளத்துக்கு எல்லை இருந்தது, மாதம் சில நூறு மார்க்தான். எல்லோருக்கும் பக்கத்தில் ஒரு வேலையும் இருந்தது.

ஊவே யோசித்தார். மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கதையை அந்தச் சமையற்காரர் எனக்குச் சொன்ன அன்று, நான் மனதுக்குள் 'விசரன்' எண்டுதான் நினைச்சேன். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? நானோ ஊருக்குக் காசு அனுப்ப வேணும், ஏஜென்சிக் கடன் கட்ட வேணும் என்று நித்திரை இல்லாமல் கிடந்த காலம். அப்ப எங்களுக்கு மாவட்ட எல்லையைத் தாண்டவே அனுமதிக் கடிதம் வேணும். மிலானுக்கு வா என்று கூப்பிட்டால் நடந்தே போயிருப்பேன்.

பிறகுதான் விளங்கியது, அவர் விசரனும் இல்லை, சிலர் எழுதுவது போல முனிவரும் இல்லை. கல்யாணம் முடித்து இரண்டு வருடம். கையில் நல்ல வேலை இருந்தது: அடிடாஸ் நிறுவனத்துக்கு வட யேர்மனியில் விற்பனைப் பிரதிநிதி. சப்பாத்து மாதிரிகளைக் காரில் ஏற்றிக் கொண்டு கடை கடையாய்த் திரிந்துவிட்டு வந்துதான் பயிற்சிக்குப் போவார். கால் முறிந்தாலும் சோறு கிடைக்கும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. ஊரை விட மனமில்லை, கணக்கும் சரிவந்தது. இரண்டும் சேர்ந்த முடிவு அது. அதற்காக அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேணும். அதே 1961 இல் பார்சலோனாவின் லூயிஸ் சுவாரஸ் இன்ரருக்குப் போனார். (இந்தக் காலத்துக் கடிக்கிற சுவாரஸ் இல்லை, அவர் ஸ்பெயின்காரர்.) இன்ரர் 1964 இலும் 1965 இலும் ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியது. ஊவேக்கு வாழ்நாளில் கிடைத்தது ஒரு சம்பியன் பட்டமும், 1963 இல் ஒரு யேர்மன் கிண்ணமும்தான். அந்தக் கிண்ண இறுதி ஆட்டத்தில் டோட்முண்டுக்கு எதிரான மூன்று கோலும் அவரே போட்டது.

புண்டஸ்லீகாவின் முதலாவது பருவத்தில் முப்பது கோல் போட்டு முதலிடம். அடுத்த பருவம், 1965 பெப்ரவரியில், பிராங்க்பேர்ட்டில் ஆடும்போது குதிக்காலுக்கு மேலே இருக்கிற பெரிய நாண் அறுந்து போனது. இப்ப அதற்கு நல்ல சிகிச்சை இருக்கு. அந்தக் காலத்தில் அது அறுந்தால் ஆட்டம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வயது இருபத்தெட்டு. சத்திர சிகிச்சை செய்தார்கள். அடிடாஸ் முதலாளி ஆடி டாஸ்லர் அந்தக் காலுக்கென்றே ஒரு சப்பாத்துச் செய்து கொடுத்தார். ஏழு மாதம் கழித்து, செப்டெம்பர் 26ம் திகதி, ஸ்ரொக்ஹோமில் சுவீடனுக்கு எதிராக உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம். தோற்றால் அடுத்த வருடம் இங்கிலாந்துக்குப் போவது சந்தேகம். இவரை இறக்கினார்கள். 2-1 என்று வென்றார்கள். வெற்றிக் கோல் ஊவேயுடையது. அன்றைக்கு அதே அணியில் முதன்முதலாக இறங்கிய இருபது வயதுப் பெடியன் ஒருவன், பெயர் பெக்கன்பவர்.

1966 இறுதி ஆட்டம் வெம்பிளியில், இங்கிலாந்திடம் 4-2 என்று தோல்வி. பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. அணித்தலைவர் ஊவே, தலையைத் தொங்கப் போட்டுக் கொண்டு மைதானத்தை விட்டுப் போகிற படத்தை யேர்மனியில் தெரியாத வயதானவர்கள் குறைவு. 1970 மெக்சிக்கோ அவருக்கு நாலாவது உலகக் கிண்ணம். நாலிலும் கோல் போட்டவர்கள் அதுவரை இருவர், பெலேயும் இவரும். இருவரும் ஒரே நாளில், யூன் 3ம் திகதி, அதைச் செய்தார்கள். காலிறுதியில் அதே இங்கிலாந்து 2-0 என்று முன்னுக்கு நின்றது. பெக்கன்பவர் ஒன்று போட்டார். 82வது நிமிடத்தில், முப்பத்து மூன்று வயது ஊவே, கோலுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு பின்மண்டையால் ஒன்றைத் தட்டி உள்ளே விட்டார். மேலதிக நேரத்தில் கேர்ட் முல்லர் முடித்து வைத்தார். பிள்ளைகளே, வீட்டுக்குப் போய் அந்தக் கோலைப் பாருங்கோ. பின்மண்டையால் அடிக்கிறதை மட்டும் எங்கட பயிற்சியில் செய்து பார்க்க வேண்டாம்.

இனி, எனக்குச் சங்கடமான விசயம் ஒன்று.

போன ஆவணியில் எங்கட பதின்மூன்று வயது அணியில் இருந்து மூன்று பெடியள் இந்த நகரத்தின் யேர்மன் கழகம் ஒன்றுக்குப் போனார்கள். அதுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் நான் எழும்பி, ஊவே சேலரைத்தான் உதாரணம் காட்டினேன். பத்து இலட்சம் மார்க்குக்குப் போகாத மனிதன் இருந்த நாட்டில், நீங்கள் ஒரு சோடிச் சப்பாத்துக்கும் புல்லு மைதானத்துக்கும் போறியள் எண்டேன். அதோடு விட்டிருக்கலாம். 'துரோகம்' என்ற சொல்லையும் சொல்லிப்போட்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு. எங்கட சனத்துக்குள் அந்தச் சொல் என்னென்ன செய்திருக்கு எண்டு தெரிஞ்ச நான், அதைப் பாவிச்சேன். ஒரு தாய் எழும்பி வெளியில் போய்விட்டா.

அதுக்குப் பிறகு ஊவேயின் தகப்பனைப் பற்றிப் படிக்கக் கிடைத்தது. எர்வின் சேலரும் பெரிய ஆட்டக்காரர். அந்தக் காலத்தில் தொழிலாளர்களுக்கென்று தனிக் கழகங்கள், தனிப் போட்டிகள். அவர் லோர்பேர் என்ற தொழிலாளர் கழகத்தில் ஆடினார். 1932 இல் அதை விட்டு, பணக்காரர் கழகம் என்று பெயர் எடுத்த விக்ரோறியாவுக்குப் போனார். தொழிலாளர் பத்திரிகை அவரைப் போட்டுக் கிழித்தது, வர்க்கத்தை விட்டுப் போனவன் எண்டு. பிறகு அங்கேயிருந்தும் ஹா-எஸ்-பௌவுக்கு மாறினார். அந்த மனிதர் மாறாமல் இருந்திருந்தால், மகன் ஒன்பது வயதில் எந்தக் கழகத்தின் படலையைத் தட்டியிருப்பானோ! மற்றது, நாங்கள் எல்லோருமே விட்டுவிட்டு வந்த ஆட்கள்தானே. நாங்கள் விரும்பி வரவில்லை, அது வேறு. ஆனால் நின்றவனை வைத்துப் போனவனை அடிக்கிற உரிமை எனக்கு இருக்கிறதாக இப்ப நான் நினைக்கவில்லை. அந்த மூன்று பெடியளில் இரண்டு பேர் இண்டைக்கு வந்திருக்கினம். தம்பிமாரே, மாமா அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. உங்கட அம்மாமாரிடமும் சொல்லுகிறேன்.

செயலாளர் மணியைத் தூக்கிவிட்டார். கெதியாய்ச் சொல்லி விடுகிறேன். லீக் ஆட்டங்களில் மட்டும் 476 ஆட்டத்தில் 404 கோல். ஹா-எஸ்-பௌவைத் தவிர வேறு சட்டை போட்டது ஒரே ஒரு முறை, அதுவும் ஓய்வு பெற்று ஆறு வருடத்துக்குப் பிறகு: 1978 இல் அயர்லாந்தில் கோர்க் செல்ரிக் என்ற அணிக்கு. ஏதோ காட்சி ஆட்டம் என்று நினைத்துப் போனவர், அது உண்மையான லீக் ஆட்டம் என்று பிறகுதான் அறிந்தாராம். இரண்டு கோல் போட்டார், அணி தோற்றது. 1995 இல் கழகத் தலைவராகி, உள்ளே நடந்த பணக் குழப்பங்களால் 1998 இல் விலகினார். அது அவருக்கு இனித்த காலமில்லை. 2003 இல் ஹம்பேர்க் நகரம் அவரைக் கௌரவக் குடிமகனாக்கியது. மைதானத்து வாசலில் அவருடைய வலது பாதத்தை வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள், ஒரு ஆளை விடப் பெரிய பாதம். 2018 இல் கழகம் முதன்முறையாகக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியதையும் கண்ணால் கண்டார். 2022 யூலை 21 இல், எண்பத்தைந்து வயதில் காலமானார். கழகம் திரும்ப மேலே ஏறியது 2025 இல்.

ஒரு பேரனும் ஆட்டக்காரர்தான். பெயர் லெவின் ஒஸ்துனாலி, துருக்கிப் பெயர். லேவர்கூசன், மைன்ஸ், பேர்லின் என்று பல கழகங்களில் ஆடிவிட்டு, பாட்டன் இறந்து அடுத்த வருடம் ஹா-எஸ்-பௌவுக்கு வந்து சேர்ந்தார்.

சரி, மணி அடிச்சாச்சு. பத்து வயதுக்குட்பட்ட அணி முதலில் மேடைக்கு வரவும். சப்பாத்து நூலைக் கட்டிப்போட்டு வாங்கோ.