ஓரிரவு தங்கிய ஊரில் ஒரு நடை

(வானொலியில் ஆற்றப்பட்ட மறையுரையின் எழுத்து வடிவம்)



நம்மில் பலர் காலையில் நடக்கிறோம். சர்க்கரைக்காக நடக்கிறோம், இரத்த அழுத்தத்துக்காக நடக்கிறோம். மருத்துவர் சொன்ன அரை மணி நேரத்தை முடித்துவிட்டு வீடு திரும்புகிறோம். காதில் பாட்டு ஓடுகிறது, கண் கைப்பேசியில் இருக்கிறது. இன்று வழியில் யாரைப் பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், ஒரு முகம்கூட நினைவுக்கு வருவதில்லை. அந்த நடையைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

காஞ்சிபுரத்தை ஒட்டிப் பாலாற்றங்கரையில் நம் ஓரிக்கை இருக்கிறது. இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு நம் வைணவச் சகோதரர்கள் வழிவழியாக ஒரு வரலாறு சொல்வார்கள். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். அரசனின் கோபத்துக்கு ஆளான அவரை நாடு கடத்தினார்கள். சீடனைத் தனியே அனுப்ப மனமில்லாமல் ஆழ்வாரும் புறப்பட்டார். அவர் அழைக்கவே, திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் எழுந்து பின்தொடர்ந்தாராம். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ‘ஓரிரவிருக்கை’ ஆகி, பின்பு ‘ஓரிக்கை’ என்று மருவியது என்பார்கள். துரத்தப்பட்டு வழியில் நின்றவர்களுக்கு ஓர் இரவு இடம் கிடைத்தது. அதுவே இந்த ஊருக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

அன்பார்ந்தவர்களே, இதைக் கேட்கும்போது நமக்கு எம்மாவு நினைவுக்கு வருகிறது. லூக்கா நற்செய்தி 24ஆம் அதிகாரத்தில் சீடர் இருவர் எருசலேமை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். முகம் வாடியிருக்கிறது. நம்பியதெல்லாம் கல்லறையோடு முடிந்தது என்று பேசிக்கொண்டே நடக்கிறார்கள். வழியில் அந்நியர் ஒருவர் சேர்ந்துகொள்கிறார். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் அவரை விரட்டவில்லை. மனத்தில் இருந்ததையெல்லாம் சொல்கிறார்கள், அவர் சொல்வதையும் கேட்கிறார்கள். ஊர் நெருங்கியதும் அவர் அப்பால் போகிறவர்போலக் காட்டிக்கொள்கிறார். பொழுது சாய்ந்துவிட்டது என்று சொல்லி, தங்களோடு தங்கும்படி அவரை வற்புறுத்துகிறார்கள். அப்பத்தைப் பிட்டபோதுதான் அவர் யார் என்பது தெரிகிறது.

இங்கே சற்று நின்று யோசிப்போம். அந்த அந்நியரை வாசலோடு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உயிர்த்த ஆண்டவரோடு ஏறக்குறைய 11 கிலோமீட்டர் வழி நடந்தும், அவரை அறியாதவர்களாகவே அன்று இரவு படுத்து உறங்கியிருப்பார்கள். சோர்ந்து வந்தவர்கள் அதே இரவில், அதே சாலையில் மகிழ்ச்சியோடு எருசலேமுக்குத் திரும்பினார்கள். நேர்மறை எண்ணம் என்று இன்று பலரும் பேசுகிறார்கள். எம்மாவுச் சீடர்களுக்கு அது ஒரு வழிப்போக்கரோடு பேசி, அவருக்கு இடம் கொடுத்ததால் வந்தது.

ஆனால் நம் நிலை என்ன? 2018 மே மாதத்தை மறந்திருக்க மாட்டோம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போனது. போளூர் அருகே ஒரு கிராமத்தில் வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அந்தக் குடும்பத்தில் 65 வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் அந்தத் தாய் இறந்துபோனார். நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது இது. ஒரு பாட்டி எந்தப் பிள்ளைக்கும் செய்யக்கூடிய சிறிய அன்பு, அவர் உயிரையே வாங்கிவிட்டது.

அந்தக் கிராமத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற வதந்தி அப்போது நம் கைப்பேசிகளிலும் வந்தது. உண்மையா என்று விசாரிக்காமல், ‘எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டும்’ என்று நாமும் நாலு பேருக்கு அனுப்பினோம். யாரையும் நாம் அடிக்கவில்லை. ஆனால் முகம் தெரியாதவர் என்றாலே ஆபத்தானவர் என்ற பயத்தை வளர்த்ததில் நம் விரலுக்கும் பங்கு உண்டு. இதை ஆண்டவர் முன் ஒப்புக்கொள்வோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபர் 3 அன்று அசிசி நகரில் கையெழுத்திட்ட ‘ஃப்ரத்தெல்லி தூத்தி’ சுற்றுமடலில், இரண்டாம் அதிகாரம் முழுவதையும் நல்ல சமாரியர் உவமைக்கே ஒதுக்கினார். அந்த உவமையில் குருவும் லேவியரும் அடிபட்டவரைப் பார்க்காமல் போகவில்லை. பார்த்தார்கள், பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். சமாரியரும் பயணத்தில் இருந்தவர்தான். அவர் மட்டும் நின்றார்.

நிற்பதற்கு நமக்குக் கற்றுத்தர நம் தெருக்களே போதும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பட்டுப் பாவை நீளமாக நீட்டி, அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போடுவதைப் பார்த்திருக்கிறோம். அந்த இடத்தில் நம் கால் தானாகவே மெதுவாகிறது, ஒதுங்கி நடக்கிறோம். ஒரு குடும்பத்தின் பிழைப்பு அங்கே விரிந்து கிடக்கிறது என்பது நமக்குத் தெரியும். எதிரே வரும் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு பாவு உண்டு. அதில் எங்கோ ஓர் இழை அறுந்திருக்கும். அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இந்த வாரம் ஒரு சிறிய முயற்சி செய்வோம். ஒரு நாளாவது கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு நடப்போம். எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்து, ‘ஆண்டவரே, இவரை ஆசீர்வதியும்’ என்று மனத்துக்குள் சொல்வோம். பட்டு எடுக்க வந்தவர், கோயிலுக்கு வந்தவர், பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாமல் நிற்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளர் எல்லாரும் இதில் அடங்குவர். தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளரை நாம் தினமும் கடந்து போகிறோம். ‘சாப்பிட்டீங்களா அம்மா?’ என்று ஒரு வார்த்தை கேட்போம். வழி கேட்பவருக்கு நின்று வழி சொல்வோம்.

பிள்ளைகளுக்குக் கவனம் சொல்லித்தர வேண்டியதும் நம் கடமையே. உண்மையாகவே சந்தேகம் வந்தால் காவல்துறைக்கு 100, குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண்கள் இருக்கின்றன. அங்கே சொல்வோம், குழுக்களில் பரப்ப வேண்டாம். கவனம் வேறு, வெறுப்பு வேறு.

நாம் வாழ்வது, ஓர் இரவு தங்கியவர்களைப் பெயரிலேயே நினைவில் வைத்திருக்கும் ஊர். அந்தப் பெயருக்கு ஏற்றவர்களாக நடப்போம். அந்நியனாக இருந்த தம்மை ஏற்றுக்கொண்டோமா என்று ஒருநாள் ஆண்டவர் நம்மிடம் கேட்பார் என்பதை மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் நமக்கு நினைவூட்டுகிறது.

செபிப்போம்: எம்மாவு வழியில் உடன் நடந்த ஆண்டவரே, எங்கள் தெருக்களிலும் நீர் நடந்து வருகிறீர். அவசரத்தில் உம்மைக் கடந்துபோன நாட்களை மன்னித்தருளும். எங்கள் கால்களை மெதுவாக்கும், எங்கள் கண்களைத் திறந்தருளும். ஆமென்.