சொல்லுக்கு அஞ்ச வேண்டாம்: கல்வியாண்டு தொடங்கும் வேளையில் பெற்றோர் அறிய வேண்டியவை

(கோடை விடுமுறையின் இறுதி வாரத்தில், லண்டனின் சமூக மண்டபம் ஒன்றில் நடைபெற்ற ‘மீண்டும் பாடசாலைக்கு’ குடும்ப நாளில் தமிழ்ப் பெற்றோருக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



செப்டெம்பர் பிறந்தால் இங்கிலாந்தில் புதிய கல்வியாண்டு பிறக்கிறது. சீருடை, சப்பாத்து, புத்தகப்பை, பேருந்துப் பயண அட்டை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஆயத்தம் நடக்கிறது. இம்மண்டபத்தில் இன்று போடப்பட்டுள்ள மேசைகளும் அந்த ஆயத்தத்தின் ஒரு பகுதியே. பாடசாலை அனுமதிப் பிரிவு, பாடசாலைத் தாதி, நூலகம், விசேட கல்வித் தேவை ஆலோசனைச் சேவை, கொடுப்பனவு ஆலோசனை ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் அமைந்துள்ளன. வேறு நாட்களில் பல இடங்களுக்கு அலைந்து அறிய வேண்டியவற்றை ஒரே பிற்பகலில் கேட்டறியலாம்.

ஆயினும், மேசை போடப்பட்டிருப்பதால் மட்டும் மக்கள் வந்து அமர்ந்துவிடுவதில்லை. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைத் தயங்க வைப்பவை சில சொற்களே. அத்தகைய நான்கு சொற்களின் பொருளை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலாவது சொல், ‘இலவச உணவு’. இச்சொல்லைக் கேட்டவுடன் சிலருக்குக் கூச்சம் உண்டாகிறது. கையேந்துவதாக எண்ணிப் படிவத்தை நிரப்பாது விடுகின்றனர். உண்மையில், இங்கிலாந்தின் அரச பாடசாலைகளில் ரிசெப்ஷன், முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் 2014 செப்டெம்பர் முதல் மதிய உணவு இலவசம். லண்டனில் 2023 செப்டெம்பர் முதல் மேயரின் நிதியுதவியால் அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் அது விரிவாக்கப்பட்டது. இதனால் வேறொரு தவறான எண்ணம் எழுந்துள்ளது. “எப்படியும் உணவு கிடைக்கிறதே, பிறகேன் விண்ணப்பம்?” என்று குறைந்த வருமானமுடைய பெற்றோரும் இருந்துவிடுகின்றனர். அவ்வாறான குடும்பத்துப் பிள்ளையின் பெயர் பதிவானால், ‘பியூபில் பிரீமியம்’ என்னும் மேலதிக நிதி பாடசாலைக்குக் கிடைக்கிறது. இது 2011 முதல் நடைமுறையிலுள்ளது. மேலதிக வாசிப்புப் பயிற்சி, உதவி ஆசிரியர் போன்றவற்றுக்குப் பாடசாலை அதனைச் செலவிடலாம். ஆகவே, நிரப்பாத ஒரு படிவத்தால் இழப்பு பிள்ளையின் வகுப்பறைக்கே.

இரண்டாவது சொல், ‘மேன்முறையீடு’. விரும்பிய பாடசாலையில் இடம் கிடைக்காத குடும்பமொன்றை எண்ணிப் பாருங்கள். ஆரம்பப் பாடசாலை இடம் பற்றிய அறிவித்தல் ஏப்ரல் 16ஆம் திகதியும், இடைநிலைப் பாடசாலை பற்றியது மார்ச் 1ஆம் திகதியும் வருகின்றன. அந்நாள் விடுமுறையாயின் அடுத்த வேலை நாளில் வரும். மேன்முறையீடு செய்யலாம் என அக்கடிதம் கூறுகிறது. ஆனால் தந்தையார் அச்சொல்லை வழக்கு என்று விளங்கிக்கொள்கிறார். அரசுக்கு எதிராக வழக்குப் போட்டால் விசாவுக்குப் பாதகம் வருமோ என அஞ்சிக் கடிதத்தை மடித்து வைக்கிறார். பிள்ளை இரண்டு பேருந்து மாறிப் பாடசாலை செல்கிறது.

இது நீதிமன்ற வழக்கன்று. பாடசாலையையும் மாநகர மன்றத்தையும் சாராத சுயாதீனக் குழு பெற்றோரின் காரணங்களைக் கேட்டு முடிவு செய்கிறது. கட்டணம் இல்லை. சட்டத்தரணி தேவையில்லை, நண்பரையோ உறவினரையோ துணைக்கு அழைத்துச் செல்லலாம். இடம் மறுக்கப்பட்ட அறிவித்தலுக்குப் பின் குறைந்தது 20 பாடசாலை நாட்கள் அவகாசம் வழங்கப்பட வேண்டும். குழுவின் முடிவு பாடசாலையைக் கட்டுப்படுத்தும். ஒன்றை மறைக்காது கூற வேண்டும்: ரிசெப்ஷன் முதல் இரண்டாம் ஆண்டு வரையான வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்ற சட்ட வரம்பு இருப்பதால், அவ்வகுப்புகளுக்கான மேன்முறையீடுகள் வெல்வது கடினம். எனினும், காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருப்பதை உறுதிசெய்வதும், கிடைத்த இடத்தைக் கைவிடாது வைத்திருப்பதும் நன்று.

மூன்றாவது சொல், ‘விசேட தேவை’. இதனைக் குறைபாட்டின் முத்திரையாகக் கருதி மறைக்கும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. ஆசிரியர் சந்திப்புக்குத் தாயார் பத்து வயது மகளை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்கிறார். தம்பி வகுப்பில் ஒரு சொல்லும் பேசுவதில்லை, சொல்வதை விளங்கிக்கொள்ளவும் இடர்ப்படுகிறான் என்று ஆசிரியர் கூறுகிறார். அக்கா தாயின் முகத்தைப் பார்க்கிறாள். “தம்பி கொஞ்சம் அமைதியாம், அம்மா,” என்கிறாள். அவள் பொய் சொல்ல எண்ணவில்லை. தாயின் மனம் நோகக்கூடாது என்றே எண்ணினாள். அந்த ஒரு வாக்கியத்தால் ஓராண்டு கடந்துவிடுகிறது.

அப்பாரத்தைப் பிள்ளையின் தோளில் ஏற்றலாகாது. பாடசாலைச் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனில் முன்கூட்டியே கேட்கலாம். குடும்ப வைத்தியரிடமும் மருத்துவமனையிலும் மொழிபெயர்ப்புச் சேவை இலவசம். பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை எனக் கருதும் பெற்றோர் முதலில் பாடசாலையின் விசேட கல்வித் தேவை ஒருங்கிணைப்பாளரைச் சந்திக்கலாம். அது போதாதெனில், 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின்படி மதிப்பீடு செய்யுமாறு மாநகர மன்றத்திடம் நேரடியாகவே கோரலாம். பாடசாலையின் சம்மதம் தேவையில்லை. மதிப்பிடுவதா இல்லையா என்று 6 வாரங்களுக்குள் மன்றம் பதிலளிக்க வேண்டும். திட்டம் வழங்கப்படுமாயின் முழு நடைமுறையும் 20 வாரங்களுக்குள் நிறைவுற வேண்டும். மறுக்கப்பட்டால் நியாய சபைக்குச் செல்லும் உரிமையும் உண்டு. அதற்கான கால எல்லை கடிதத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

நான்காவது சொல், ‘பொது நிதி’. விசாவில் ‘பொது நிதி பெற உரிமையில்லை’ என்றிருந்தால், அரச பாடசாலையும் வைத்தியரும்கூட மறுக்கப்படும் எனச் சிலர் அஞ்சுகின்றனர். அரச பாடசாலைக் கல்வி குடிவரவு விதிகளில் பொது நிதியாகக் கணிக்கப்படுவதில்லை. அத்தகைய குடும்பங்களும் வருமான வரம்புக்கு உட்பட்டு இலவசப் பாடசாலை உணவுக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்வதற்கு விசாவோ முகவரிச் சான்றோ கட்டாயமன்று. 18 வயதுக்குட்பட்டோருக்கு தேசிய சுகாதார சேவையின் பல் சிகிச்சையும், 16 வயதுக்குட்பட்டோருக்குக் கண் பரிசோதனையும் இலவசம். மாறாக, யுனிவர்சல் கிரெடிட், பிள்ளைகள் கொடுப்பனவு போன்றவை பொது நிதியைச் சேர்ந்தவை. அவற்றுக்கு விண்ணப்பிக்குமுன் தகுதிபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேட்டுத் தெளிவது அவசியம்.

இறுதியாக மூன்று திகதிகள். அடுத்த ஆண்டு இடைநிலைப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கான விண்ணப்பம் அக்டோபர் 31க்குள். ரிசெப்ஷன் வகுப்புக்கானது ஜனவரி 15க்குள். மூன்றாவது திகதி ஒவ்வொரு வீட்டிலும் வேறுபடும்: பிரிக்கப்படாமல் மேசை மேலுள்ள கடிதத்தில் குறிக்கப்பட்டிருக்கும் திகதி அது. ஆங்கிலம் விளங்காவிடின் அக்கடிதத்தை அப்படியே எடுத்து வந்து தமிழில் விளக்கம் கேட்கலாம். திகதி கடந்தபின் வருவதைவிட, விளங்காத கடிதத்தோடு இன்றே வருவது மேல்.

சட்டம் உரிமையை எழுதி வைக்கிறது. அதனைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் பொறுப்பு. இம்மண்டபத்தின் மேசைகள் மாலை வரை திறந்திருக்கும். பிள்ளைகளுக்குப் புதிய கல்வியாண்டு நல்லாண்டாக அமைய வாழ்த்துகள்.