மறுபடி எடுப்பதும் பார்த்து எழுதுவதும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழில் அனுபவத்தைப் பற்றிப் பேசு" என்றுதான் சங்கச் செயலாளர் சொன்னார். நான் சினிமாவில் ஆரம்பிக்கப் போகிறேன். பயப்பட வேண்டாம், தொழிலுக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

2011 ஏப்ரல். நாங்கள் மூன்றாம் வருடம். சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட ஊருக்குப் போய்விட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பிய வாரம். அந்த வாரம்தான் பிரான்ஸில் நடக்கும் கான் திரைப்பட விழாவின் பட்டியல் வெளியானது. எங்களில் நாலைந்து பேருக்கு உலக சினிமாப் பைத்தியம். ஒருவன் பட்டியலை பிரின்ட் எடுத்து வந்து மெஸ் மேஜையில் விரித்தான். டெரன்ஸ் மாலிக், லார்ஸ் வான் ட்ரியர், அல்மோதோவர், துருக்கியின் நூரி பில்கே ஜெய்லான் என்று பெரிய பெரிய பெயர்கள். மற்றவர்கள் கிரிக்கெட் அணித் தேர்வைப் பற்றிப் பேசுவார்கள் இல்லையா, அதே மாதிரி நாங்கள் இதைப் பேசினோம். அந்த வருடம் முதல் பரிசு மாலிக்கின் 'தி ட்ரீ ஆஃப் லைஃப்' படத்துக்குப் போனது. ஆனால் மெஸ்ஸில் சண்டை வந்தது வேறொரு பெயரால். ஜப்பானின் தகாஷி மீகே.

மீகே எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுகிறேன். 1991இல், தியேட்டருக்கு வராமல் நேரே வீடியோ கடைக்குப் போகும் சிக்கனப் படங்களில் தொழிலைத் தொடங்கியவர். வருடத்துக்கு ஆறேழு படம் எடுத்த காலமும் உண்டு. 2017இல் வந்த 'பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்' படத்தை அவருடைய 100வது படம் என்றே விளம்பரம் செய்தார்கள். கொரியாவின் 'தி கொயட் ஃபேமிலி' படத்தை 2001இல் பாட்டும் கூத்துமாக மாற்றி எடுத்தார். ஃபுகசாகுவின் 1975ஆம் வருடத்து ரவுடிப் படம் ஒன்றை 2002இல் மறுபடி எடுத்தார். எய்ச்சி குடோவின் 1963ஆம் வருடத்து 'பதின்மூன்று கொலையாளிகள்' படத்தை 2010இல் எடுத்து வெனிஸ் விழாவுக்குக் கொண்டுபோனார். அடுத்த வருடமே கோபயாஷியின் 'ஹராகிரி' படத்தை முப்பரிமாணத்தில் எடுத்துக் கான் போட்டிப் பிரிவில் நுழைந்தார். 1962இல் வந்த அந்தப் பழைய படம் 1963இல் அதே கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு வாங்கியது.

"சொந்தச் சரக்கு இல்லாதவன்தாண்டா அடுத்தவன் படத்தை எடுப்பான். இதுக்குப் போட்டியில இடமா?" என்று நான் மேஜையைத் தட்டினேன். எதிரே இருந்தவன் நாகர்கோவில் நண்பன். "மக்கா, 'மணிச்சித்திரத்தாழ்' நம்ம ஊர்ல 'சந்திரமுகி' ஆனப்போ விசிலடிச்சவன்தானே நீ? அது இருக்கட்டும், மீகே எடுத்ததையோ பழசையோ நீ பார்த்திருக்கியா?" என்றான். நான் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பார்த்துவிட்டு யார் சொன்னது சரி என்று முடிவு செய்வோம், தோற்றவன் எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம் கட்டினோம்.

இரண்டு 'ஹராகிரி'யும் எங்கள் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கதை இதுதான். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பான். போர்கள் ஓய்ந்துவிட்டன. வேலை போன சாமுராய்கள் தெருவில் நிற்கிறார்கள். சிலர் பெரிய வீட்டு வாசலில் போய், "உங்கள் முற்றத்தில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கௌரவமாகச் சாக அனுமதி கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். காசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கை. அப்படி வந்த ஓர் இளைஞனை அந்த வீட்டார் "சரி, செய்" என்று பிடித்துக்கொள்கிறார்கள். அவன் உறையில் இருப்பது மூங்கில் கத்தி. குடும்பக் கஷ்டத்துக்கு அசல் கத்தியை விற்றுவிட்டான். அந்த மூங்கிலாலேயே சாக வைக்கிறார்கள். பிறகு அவனுடைய மாமனார் அதே வாசலுக்கு வருகிறார்.

பழைய படத்தில் ஒரு காட்சி. மருமகன் குடும்பத்துக்காகக் கத்தியையே விற்றிருக்கிறான், எனக்கு அது தோன்றவே இல்லையே என்று மாமனார் தன் கத்தியைத் தூக்கி எறிந்து குமுறுவார். கடைசியில் அதே மனிதர் இரும்புக் கத்தியோடு சண்டை போட்டு வீட்டாரை வெட்டிச் சாய்ப்பார். மீகே கதையையும் முற்றத்தையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார். ஆனால் கடைசிச் சண்டையில் மாமனார் கையில் மூங்கில் கத்தியைக் கொடுத்துவிட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த மூங்கில் பழைய படத்தில் எதற்காக இருக்கிறது என்று யோசித்தவனுக்குத்தான் இந்த மாற்றம் தோன்றும். 'பதின்மூன்று கொலையாளிகள்' படத்திலும் அப்படித்தான். பழையதில் 13 பேர் 53 பேரை எதிர்ப்பார்கள். மீகேயில் எதிரிகள் 200 பேர், சண்டையே முக்கால் மணி நேரம். வீரமாக ஆரம்பித்த சண்டை சேற்றிலும் ரத்தத்திலும் களைத்துப்போய் முடிகிறது. அந்தக் களைப்பு நமக்கும் வர வேண்டும் என்றுதான் கணக்கைக் கூட்டியிருக்கிறார்.

மீகேயின் 'ஹராகிரி' பழையதற்குச் சமமா என்று கேட்டால், இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அது பார்த்து எழுதியது இல்லை.

நாங்கள் மூங்கில் கத்தியைப் பற்றி நியாயம் பேசிய அதே மாதம் என்ன செய்துகொண்டிருந்தோம் தெரியுமா? சீனியர் ஒருவரின் பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் அட்டையையும் வருடத்தையும் மாற்றிக்கொண்டிருந்தோம். வைவாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் கேட்டது ஒரே கேள்வி. "இந்த அளவை ஏன் இப்படி வைத்தீர்கள்?" நாலு பேரும் தரையைப் பார்த்தோம். எப்படியோ பாஸ் ஆகிவிட்டோம். அது அன்றைக்கு அதிர்ஷ்டமாகத் தெரிந்தது.

கடன் வேலையில் தீர்ந்தது. கோவைப் பக்கம் ஒரு பம்பு தொழிற்சாலையில் சேர்ந்தேன். கையால் வரைந்த பழைய டிராயிங்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும், எடையையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். பம்பின் கால் பக்கம் ஒரு ரிப் இருந்தது. கணக்குப் போட்டேன், அதன் மேல் பாரமே விழவில்லை. எடுத்துவிட்டேன். வார்த்து வந்த 40 காஸ்டிங்கிலும் கால் கோணிக்கொண்டு நின்றது. பேட்டர்ன் செய்யும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "ஏந்தம்பி, அந்த ரிப்பு பாரந்தாங்கறதுக்குன்னு நெனச்சீங்களா? வார்ப்பு ஆறறப்ப காலு கோணாம இழுத்துப் புடிக்கறதுக்குங்க" என்றார். யாரையும் கேட்காமல் எடுத்தது நான்தான். 40 காஸ்டிங்கும் மறுபடி உலைக்குப் போயின.

அதே டிராயிங்கில் ஒரு துளையும் இருந்தது. அதை நான் பத்திரமாக அப்படியே வைத்திருந்தேன். அந்தப் பெரியவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், எப்போதோ இருந்த ஒரு பழைய மிஷினில் மாட்டுவதற்கான துளையாம். மிஷின் போய்ப் பல வருடம் ஆகியும் எனக்கு முன்னால் இருந்தவர்களும் துளையைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். தெரியாமல் எடுத்ததும் தெரியாமல் வைத்துக்கொண்டதும் ஒரே தப்புதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தம்பி தங்கைகளே, நம் தொழிலில் முக்கால்வாசி ரீமேக்தான். யாரோ செய்த பம்பு, யாரோ கட்டிய பாலம், யாரோ எழுதிய புரோகிராம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சீனியர் பிராஜெக்ட்டைத் தாராளமாக எடுங்கள். ஆனால் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள். இது யாருடையது, இதில் எதை அப்படியே வைத்தோம், எதை மாற்றினோம். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு காரணம். அந்த மூன்று வரி எழுத முடியவில்லை என்றால் உங்கள் உறையில் இருப்பது மூங்கில்தான்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பழைய ரிப்போர்ட்டுகளை நூலகத்தில் திறந்து வையுங்கள். நாங்கள் வந்து, எந்த அளவை ஏன் வைத்தோம், எது சரியாக வரவில்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதித் தருகிறோம். எங்கள் செட்டின் ரிப்போர்ட்டுக்கு நானே எழுதுகிறேன். முதல் வரி, 'இது நாங்கள் செய்தது அல்ல' என்று இருக்கும்.

பந்தயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நாகர்கோவில் நண்பன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கிறான். பரோட்டா இன்னும் பாக்கி. இன்று ராத்திரி தீர்த்துவிடுகிறேன், மக்கா.