பொதுக் கிணறும் பொது மென்பொருளும்

(பங்கின் பவள விழாவையொட்டி நடந்த இளைஞர் ஒன்றுகூடலில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கொழும்பிலும் வெளிநாடுகளிலும் கணனித் துறையில் தொழில் பார்க்கும் நம் பங்கின் பிள்ளைகள் சிலர் சென்ற மாதம் எமக்கு எழுதியிருந்தனர். விழாவை முன்னிட்டுத் தாம் என்ன கொடுக்கலாம், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பணம் அனுப்புவதா, ஒலிபெருக்கி வாங்கித் தருவதா என்பது அவர்களின் வினா. ஒலிபெருக்கி பழுதுதான், அதை நீங்கள் இக்கணமே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆயினும் நாம் அவர்களுக்கு எழுதிய பதில் வேறு. அதன் காரணத்தை உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. நாம் அப்போது வேறொரு கரையோரப் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். கடல் வந்து போன விதத்தை இங்கு விவரிக்கத் தேவையில்லை. உங்களில் பலர் அதைக் கண்ணால் கண்டவர்கள். இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். தண்ணீர் வற்றிய பின் எமக்கு வாய்த்த பணி கொப்பியும் பேனையும். பாடசாலை முகாமில் ஒரு கொப்பி, கோயில் வளவில் ஒரு கொப்பி, வைத்தியசாலை வாசலில் ஒட்டிய தாள்கள் என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதினோம்.

ஒரு தாய் தன் மகனைத் தேடி நாள்தோறும் எம்மிடம் வருவார். வாசிக்கத் தெரியாதவர். நாம் பெயர்களை வாசிக்க வாசிக்க, முந்தானையைக் கையில் சுருட்டியபடி கேட்டு நிற்பார். பையன் ஆறு மைல் தொலைவில் இன்னொரு முகாமில் உயிரோடுதான் இருந்தான். அந்த முகாமின் கொப்பியில் திருமுழுக்குப் பெயர். எமது கொப்பியில் தாய் சொன்ன வீட்டுப் பெயர். அந்தப் பட்டியலை நாம் ஒருமுறை கையிலெடுத்துப் பார்த்தும் இருந்தோம், கண்டுகொள்ளவில்லை. பதினொரு நாள்கள் கழிந்தன. தாயிடம் திருமுழுக்குப் பெயரைக் கேட்டு எழுதாதவர் நாமே. திருமுழுக்குப் பதிவேடு எழுதும் குருவுக்கே அது தோன்றவில்லை என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறோம்.

அதே நாள்களில் ஒரு முகாமுக்கு மூன்று லொறி பாண் வந்து பூஞ்சணம் பிடித்தது. அடுத்த முகாமில் பிள்ளைகள் பசியோடு படுத்தனர். கொடுப்பவர்கள் இல்லாமலில்லை, யாருக்கு எது வேண்டும் என்பதை அறிந்தவர்கள் இல்லை.

நாம் இவ்வாறு தடுமாறிக்கொண்டிருந்த அதே வாரங்களில், கொழும்பில் கணனி வல்லுநர் சிலர் சம்பளம் எதுவும் கேளாமல் ஒன்றுகூடி ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கியிருந்தனர். அதன் பெயர் ‘சஹானா’. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, எந்த நிறுவனம் எங்கே என்ன செய்கிறது என்ற பதிவேடு, தேவைகளையும் கிடைக்கும் பொருள்களையும் இணைத்துப் பார்க்கும் பகுதி ஆகியன அதில் இருந்தன. எமது கொப்பிகள் செய்யத் தவறியவை இவையே. நாம் அதைப்பற்றிக் கேள்விப்பட்டதோ பல ஆண்டுகள் கழித்து!

அவர்கள் அதைப் பூட்டி வைத்து விற்கவில்லை என்பதே நாம் சொல்ல வந்தது. மென்பொருளுக்கு மூலநிரல் என்று ஒன்று உண்டு. சமையலுக்குக் கைப்பக்குவம் போல. பெரும்பாலான கம்பனிகள் அதைக் காட்டுவதில்லை. சஹானாவின் மூலநிரலையோ எவரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமத்துடன் வெளியிட்டனர். இம்முறை அவர்கள் கண்டுபிடித்ததன்று. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 இல் தொடங்கிய இயக்கமும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட லினக்ஸும் முன்னமே வழி திறந்திருந்தன. கொழும்பு இளைஞர்கள் தம் வேலைக்கு அடித்தளமாகக் கொண்டவையும் இத்தகைய இலவசக் கருவிகளே. வாங்கியதன் மேல் தம் பங்கையும் வைத்துத் திருப்பிக் கொடுத்தனர்.

2005 அக்டோபரில் பாகிஸ்தானில் நிலம் அதிர்ந்தபோது சஹானா அங்கே போயிற்று. 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கும், 2010 இல் ஹெயிட்டிக்கும் போயிற்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலனுக்காக வழங்கும் விருதும் 2006 ஆம் ஆண்டுக்கு இதற்கே கிடைத்தது. உதவி வாங்கும் நாடு என்று உலகம் எண்ணிய நம் தீவிலிருந்து போன உதவி இது. இதைச் சொல்வதில் எமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மன்னிப்பீர்களாக.

இவ்விடத்தில் ஒரு குறையையும் சொல்லாமல் விட முடியாது. நம் ஊர்ப் பொதுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். வெட்டிய அன்று எல்லாரும் வந்தார்கள். ஆண்டுதோறும் இறைத்துச் சேறெடுக்கும் நாளில் வருபவர்கள் எத்தனை பேர்? பொது மென்பொருளுக்கும் இதே கதிதான். ‘ஓபன் எஸ்எஸ்எல்’ என்று ஒன்று உண்டு. வங்கிக் கணக்கை நீங்கள் கைத்தொலைபேசியில் திறக்கும்போது இரகசியம் காக்கும் வகையைச் சேர்ந்தது. உலகின் இணையத் தளங்களில் பெரும்பகுதி அதை நம்பியிருந்தது. 2014 இல் அதில் ‘ஹார்ட்பிளீட்’ எனும் பெரும் ஓட்டை வெளிப்பட்டபோதுதான் தெரிய வந்தது, அதை முழுநேரமாகப் பராமரித்தவர் ஒரே ஒருவர், ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர் என்று. கோடி கோடியாய்ச் சம்பாதித்த கம்பனிகளும் அக்கிணற்றில் அள்ளிக் குடித்தவையே. சேறெடுக்க ஆளில்லை. அந்த அதிர்ச்சிக்குப் பின்னரே அவை பணம் தர முன்வந்தன.

சேறெடுத்தால் என்ன விளையும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த காலத்தில் சுகாதாரத் தகவல்களைத் திரட்ட ஒரு முயற்சி தொடங்கியது. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் அதைப் பேணி வளர்த்தது. இன்று அதன் பெயர் ‘டிஎச்ஐஎஸ் 2’. 2020 இன் தொடக்கத்தில், கொரோனா நோய் பரவத் தொடங்கிய வேளையில், வெளிநாடுகளிலிருந்து வருவோரைப் பதிந்து கண்காணிக்கும் பகுதியொன்றை இலங்கையர் அதன் மேல் அமைத்தனர். ஒஸ்லோவில் இருந்தவர்கள் அதைப் பொதுமைப்படுத்தி யாவருக்கும் வழங்க, பல நாடுகள் எடுத்துக்கொண்டன. இலங்கை அதை முதலில் இலவசமாகப் பெற்றது. அதனால்தான் சில கிழமைகளில் திருப்பிக் கொடுக்கவும் முடிந்தது.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு நாம் எழுதியது இதுதான்: கோபுரத்துக்குப் பணம் வேண்டாம், கிழமைக்கு இரண்டு மணி நேரம் தாருங்கள். புதிதாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ளதில் பிழை பாருங்கள், விளக்கம் எழுதுங்கள், தமிழாக்குங்கள். வீட்டுப் பெயருக்கும் திருமுழுக்குப் பெயருக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் புகழ் இல்லை. மலரில் படமும் வராது. கோபுரம் என்றால் கல்லில் பெயராவது பொறிக்கலாம். மூவர் சம்மதித்துள்ளனர். ஒருவர் மறுமொழி எழுதவில்லை. அவருக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம்; நாமும் வற்புறுத்தவில்லை.

அந்த மூவரும் திரையில் வரும் சொற்களைத் தமிழாக்கத் தொடங்கி முதல் நாளிலேயே நின்றுவிட்டனர். ‘காணாமற்போனோர்’ என்று எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டனர். கடலுக்குக் கொடுத்தவர்களுக்கும் போரில் தொலைத்தவர்களுக்கும் நம் ஊரில் அச்சொல் ஒன்றாக ஒலிப்பதில்லை. வீதியோரத்தில் படங்களைத் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார் அச்சொல்லை ஏற்க மாட்டார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். ‘தேடப்படுவோர்’ என்று போடலாமென்றால், அது பொலிஸ் அறிவித்தல் போல ஒலிக்கிறது. எமக்கும் உடனே விடை தோன்றவில்லை. வரும் சனி மாலை நான்கு மணிக்கு அறைவீட்டு விறாந்தையில் கூடுவோம். அம்மாமாரும் வாருங்கள். உங்களிடம் கேட்டுத்தான் அந்தச் சொல்லை எழுதப் போகிறோம்.